ஜெர்மன்காரிக்கு அளந்த பருப்புப் பொடி

போர் போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போன தனசேகர், அங்கே ஒரு ஜெர்மன்காரிக்கு மாசா மாசம் பருப்புப் பொடி அளக்கிறான் என்ற செய்தி முதலில் மாவு மில்லில்தான் அரைபட்டது.

திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும் அந்த ஊரில் எதுவும் முதலில் மில்லுக்குத்தான் வரும். மிளகாய் வரும், கம்பு வரும், பின்னாலேயே செய்தி வரும். வெளியே போகும்போது எதில் எது கலந்தது என்று மில்காரருக்கே தெரியாது. காலையில் 'பொடி கொடுக்கிறான்' என்று உள்ளே போனது, மத்தியானம் பால் சொசைட்டிக்கு வந்து சேர்ந்தபோது 'ஜெர்மன்காரியும் அவனும் சேர்ந்து பொடிக் கம்பெனி வைத்திருக்கிறார்கள்' என்று ஆகியிருந்தது. சாயங்காலம் டீக்கடையில் அந்தக் கம்பெனிக்கு இரண்டு குழந்தைகளும் பிறந்துவிட்டன. ஒன்று சிவப்பாம், ஒன்று தனசேகர் நிறமாம்.

இதையெல்லாம் கடைசியாகக் கேள்விப்பட்டவள் பிரபா. தனசேகரின் மனைவி. ஊர் வழக்கம் அப்படி. யாருடைய வீட்டுச் சங்கதியோ அந்த வீட்டுக்குத்தான் கடைசியில் வந்து சேரும்.

வதந்தியின் மூலம் யாரென்று கண்டுபிடிக்க அவள் சிரமப்படவில்லை. மில்லில் தினமும் வரிசையில் உட்காருகிறவள் அடுத்த வீதி வள்ளியாத்தாள். அரைப்பதற்கு எதுவும் இல்லாத நாளிலும் ஒரு பை மஞ்சளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, தன் முறை வந்தால் பின்னால் நிற்பவளுக்கு விட்டுக்கொடுப்பாள். பிரபா நேரே போய்க் கேட்டாள். வள்ளியாத்தாள் மறுக்கவில்லை. தான் எதையும் சொல்லவே இல்லை, ஞாயிறானால் தனசேகர் ஒரு ஜெர்மன்காரி பேக்கரிக்குப் பொடியோடு போகிறான் என்று லீவில் வந்த ரிக் ஆள் ஒருவன் சொன்னதற்கு ஒரு கேள்விதான் கேட்டதாகச் சொன்னாள்.

"ஏஞ்சாமி, ஒரு ஆம்பள எத்தன பொடி திம்பான்?"

பிரபாவால் கோபப்பட முடியவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை அவளும் கொஞ்ச நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போன புதிதில், லீவில் வந்து திரும்புகிற ரிக் ஆளிடம் ஒரு டப்பா பொடி கொடுத்தனுப்பினால் அடுத்த ஆள் லீவு முடிந்து விமானம் ஏறுகிற வரைக்கும் வரும். இப்போது தூக்குச் சட்டி நிறைய அரைத்துக் கொடுத்தாலும் போதவில்லை. பருப்புப் பொடி போதாதென்று கொள்ளுப் பொடி கேட்டான். பிறகு எள்ளுருண்டை. பிறகு வெல்லம் போட்டு எண்ணெயில் சுடுகிற கச்சாயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கச்சாயத்தை 'எண்ணெய்' என்று தள்ளிவைத்த மனுஷன், இப்போது போனில் 'கச்சாயம் சேத்தி அனுப்பு' என்றான். யாருக்கு என்று கேட்டதற்கு 'எல்லாருந்தான் திங்கறோம்' என்றான். அப்போது பின்னால் ஒரு மணிச் சத்தமும், ஒரு பொம்பளைச் சிரிப்பும் கேட்டன. அது யார் என்றாள். 'பேக்கரிக்காரம்மா' என்று சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கவில்லை என்று வைத்துவிட்டான். அந்த நிமிஷம் வரை சிக்னல் தெளிவாகத்தான் இருந்தது.

பிரபாவுக்கு ரொட்டி என்றாலே சந்தேகம். அந்தப் பக்கத்தில் ரொட்டி என்பது காய்ச்சல்காரர்களுக்கு வாங்கிக் கொடுப்பது; டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, காய்ச்சல் விட்டதும் மறந்துவிட வேண்டியது. ஒரு சொஸ்தமான ஆண்பிள்ளை ஞாயிறுதோறும் பேக்கரிக்குப் போகிறான் என்றால் ஒன்று உடம்பில் கோளாறு, இல்லையென்றால் நடத்தையில்.

கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது பிரபாவின் வேலை. அந்த வருமானத்திலும் தனசேகர் அனுப்புவதிலும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நான்கு பக்கமும் சுவர் நிமிர்ந்து, ஜன்னல் வைத்து, தரை போட்டாயிற்று. மேலே மட்டும் தகரம். கான்கிரீட் போட்டால் அது வீடு; அதுவரைக்கும் ஜன்னல் வைத்த கோழிக்கூடு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது.

அவளுடைய அண்ணன் மாதேஷ், சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். லாரி எங்கே நின்றாலும் திருப்பிக் கொண்டுவருவது அவர் தொழில். மச்சானையும் அப்படியே நினைத்துவிட்டார். வதந்தி சங்ககிரி வரை வந்ததும் அன்றைக்கே வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை ரிக் ஓனரைப் பார்க்கப் போவதாகவும், அடுத்த விமானத்தில் தனசேகரை ஏற்றி அனுப்பச் சொல்லப்போவதாகவும் சொன்னார். பிரபா தகரத்தைப் பார்த்தாள். செய்தி பொய்யாக இருந்து, புருஷன் பாதியில் திரும்பி வந்தால், இந்தத் தகரம் தகரமாகவே இருக்கும். செய்தி மெய்யாக இருந்தால் கான்கிரீட் யாருக்கு? எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிய வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அலெக்ஸ் போன் செய்தான். தனசேகரோடு அதே ரிக்கில் மெக்கானிக்காக இருக்கும் சேலத்துப் பையன், லீவில் வந்திருந்தான். தனசேகர் அண்ணன் கொடுத்தனுப்பிய சாமான் ஒன்று இருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டான். பிரபா தானே வருவதாகச் சொல்லிவிட்டாள். அவன் இங்கே வந்தால் வள்ளியாத்தாளும் வருவாள்.

சனிக்கிழமை பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு மல்லசமுத்திரம் வழியாகச் சேலம் போகும் பஸ் ஏறினாள். ஆட்டையாம்பட்டியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகக் கை முறுக்கு வாங்கினாள். புருஷன் கெட்டுப்போனானா என்று விசாரிக்கப் போகிற இடத்துக்கும் வெறுங்கையோடு போகக் கூடாதே. போகிற வழியெல்லாம் அந்த ஜெர்மன்காரியை மனதில் செய்து பார்த்துக்கொண்டே போனாள். பஸ் சேலம் வருவதற்குள் அவளுக்கு எழுபது வயதும், இரண்டு முழங்காலிலும் வலியும், ஒரு கண்ணில் புரையும் கொடுத்து முடித்திருந்தாள்.

மாதா கோயில் தெருவில் அலெக்ஸ் வீடு. அவன் மனைவி அக்சிலியா முறுக்கை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது அதே பையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. பிரபா அதைக் கவனிக்கக்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் பாத்திரமோ பையோ நிறைந்து வந்தால் நிறைந்துதான் திரும்ப வேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பவள் குடும்பக்காரி அல்ல. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, யாரும் மீறுவதும் இல்லை.

காபி குடித்து முடிக்கிற வரை பொறுத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அலெக்சு, மறைக்காமச் சொல்லு சாமி. அங்க என்ன நடக்குது?"

அலெக்ஸ் தலையைச் சொறிந்தான். "அண்ணி, எல்லாம் ஒரு டப்பாவால வந்ததுங்க," என்றான்.

அவன் சொன்ன கதை இது.

நமீபியா என்கிற அந்த நாட்டில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கிறது. அதனால்தான் நம்ம ஊர் ரிக் அங்கே போயிருக்கிறது. ஜெர்மன்காரன் ஒரு காலத்தில் அதை ஆண்டான். அவன் ஆண்ட லட்சணத்தை அங்கே யாரும் மெச்சிப் பேசுவதில்லை. ரொட்டியை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை. ரிக் ஆட்கள் தங்கியிருக்கும் கேம்பில் சமையல் வீரபாகு. ராசிபுரத்துக்காரர். அவர் சுட்ட சப்பாத்தியை ஒருமுறை அவசரத்துக்கு கம்பிரசரில் கேஸ்கட்டாக வைத்ததாகவும், ஒழுகவில்லை என்றும் அலெக்ஸ் சொன்னான். அப்படிப்பட்ட சாப்பாட்டில் நாவு செத்துப்போயிருந்த ஒரு நாளில், கம்பிரசருக்கு ஓஸ் பைப் வாங்க டவுனுக்குப் போன தனசேகரின் மூக்கில் ஒரு வாசனை பட்டது. மூக்கு போன வழியிலேயே போனான். ஒரு புதுக் கடை. வாசலில் பலூன் கட்டியிருந்தது, கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு மணி அடித்தது, ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையைக் கண்டால் முதலில் நின்றுகொண்டு, எதற்கு என்று பிறகு கேட்பது நம் மரபு. நின்றான்.

உள்ளே அலமாரி முழுக்க ரொட்டி. ஆனால் அவன் அறிந்த ரொட்டி அல்ல. கருப்பாக, வெடித்து, செங்கல் சூளையில் அதிகம் வெந்த கல் மாதிரி. தனசேகர் பாறை கண்ட மனுஷன். கை சும்மா இருக்காது. ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். அதே நேரத்தில் கடைக்குள்ளே பேக்கரிக்காரம்மா, எல்கா என்று பெயர், இன்னொரு ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டிக்கொண்டிருந்தாள். வெந்ததா என்று சத்தத்தில் பார்ப்பது அவர்கள் வழக்கம். தட்டிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் ஒரு துண்டு அறுத்து, வெண்ணெய் தடவி நீட்டினாள்.

தின்ற பிறகு தனசேகர் நேரே கேம்புக்கு வந்துவிட்டான். ஓஸ் வாங்கவும் மறந்துவிட்டான். வந்ததும் எல்லோரையும் கூட்டி விவரம் சொன்னான்: மேலே கரும்பாறை, அதைத் தாண்டினால் ஈரம். மாவைப் புளிக்கவைத்துச் சுடுகிறார்கள். நம் வீட்டில் மாவு அந்த அளவு புளித்தால் எருமைக்கு ஊற்றுவோம். அவர்கள் அதை விற்று, அதற்கும் வரிசை நிற்கிறது.

அன்றைக்கு அவன் கையில் ஒரு நீல நிறத் தகர டப்பாவும் இருந்தது. உள்ளே பிஸ்கட். எல்கா கொடுத்தது. பிஸ்கட் கேம்பில் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்தது. டப்பாவைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்த பிறகு தனசேகருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையில்தான் எல்லாம் கெட்டது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் டப்பாவை எப்படிக் கொடுப்பது? பிரபா அரைத்த பருப்புப் பொடி இருந்தது. நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

எல்கா திகைத்துப் போனாள். வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டுப் பண்டத்தை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். அவள் வளர்ந்த விதத்தில் அன்பளிப்பை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது பெரிய அவமானம். பொடியை ஸ்பூனில் அள்ளி வாயில் போட்டு, கொஞ்ச நேரம் இருமிவிட்டு, டப்பா நிறையக் கேக் வைத்துக் கொடுத்தாள். இவன் கேக்கைப் பார்த்து ஆடிப்போனான். அடுத்த வாரம் கொள்ளுப் பொடி. அவள் பழம் வைத்த ரொட்டி. இவன் எள்ளுருண்டை. அவள் இரண்டடுக்குக் கேக். கேம்பில் ஊறுகாய் போயிற்று, வடகம் போயிற்று. வீரபாகு ஒரு நாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, இனிமேல் இந்தக் கேம்பில் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள டப்பாவின் மூடிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

"நிறுத்தச் சொல்லலாமில்ல?" என்றாள் பிரபா.

"சொன்னோங்க அண்ணி. டப்பா எங்கிட்ட இருக்கறப்ப எப்பட்றா நிறுத்தறதுங்கறாரு. டப்பா அங்க இருக்கறப்ப நிறுத்துன்னா, அப்ப அந்தம்மா கையில இல்ல இருக்குதுங்கறாரு."

பிறகு அலெக்ஸ் உள்ளே போய் அந்த நீல டப்பாவையே எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான். பொடி செய்கிற கை யாருடையது என்று எல்கா கேட்டாளாம். மனைவியுடையது என்றதும், இந்தத் தடவை டப்பா நேரே அவளுக்குத்தான் போக வேண்டும் என்று நிரப்பிக் கொடுத்துவிட்டாளாம். திறந்தால் சர்க்கரைத் தூள் அப்பிய கேக். உள்ளே திராட்சை, பாதாம், என்னென்னவோ. ஒரு சின்ன வாசனை, சாராயம் போலவும் இல்லை போலவும்.

கதை நம்பும்படிதான் இருந்தது. ஆனால் கூட்டாளி சொல்கிற கதை எப்போதுமே நம்பும்படிதான் இருக்கும். பிரபா போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள். தனசேகர் எடுத்தான். பின்னால் அதே மணிச் சத்தம்.

"ஏனுங்க, அந்தம்மாளக் கொஞ்சம் காட்டுங்க."

"எந்தம்மா?"

"மணி அடிக்குதே, அந்தம்மா."

போன் திரும்பியது. எழுபது வயதும் இல்லை, முழங்கால் வலியும் இல்லை. பிரபாவின் வயதுதான் இருக்கும். தங்கக் கம்பி மாதிரி முடியைத் தூக்கிக் கட்டி, நெற்றியில் மாவோடு நின்றவள் லட்சணமாகத்தான் இருந்தாள். பிரபா அலெக்ஸைப் பார்த்தாள். அவன் விட்டத்தைப் பார்த்தான். அவளுக்குக் காதுக்குள் தகரத்தில் மழை பெய்கிற சத்தம் கேட்டது.

தனசேகர் போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, கொண்டுபோயிருந்த எவர்சில்வர் தூக்கை எல்காவிடம் கொடுத்தான். மறுநாள் ரிக் வேலை இருந்ததால் ஞாயிறுக்கு முதல் நாளே கடைக்குப் போனவன், நீல டப்பா ஊருக்கு வந்துவிட்டதால் வெறுங்கையோடு போக மனமில்லாமல் தன் தூக்கிலேயே எள்ளுருண்டை கொண்டுபோயிருக்கிறான். ஆக, இப்போது சுற்றுகிற பாத்திரம் இரண்டு. எல்கா சிரித்தபடி மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது; தோள் மட்டும் இறங்கியது. மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது.

அந்தப் பெருமூச்சு பிரபாவுக்குத் தெரியும். ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினால் வள்ளியாத்தாள் அதே கிண்ணத்தில் கோபுரம் வைத்துப் பணியாரம் திருப்பி அனுப்பும்போது, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அவளே விடுகிற மூச்சு அது. கள்ளத்தொடுப்பு வைத்திருக்கிற எவளும் எள்ளுருண்டையைப் பார்த்து அப்படி மூச்சு விடமாட்டாள்.

மழை நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் மடியில் இருந்த டப்பாவை நிதானமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, டப்பா மேல கடைப் படம், போன் நெம்பரெல்லாம் அச்சடிச்சிருக்குது. நம்மூர்ல துணிக்கடைல பை குடுக்கற மாதிரி இனாமாக் குடுத்ததுங்களா?"

"கடை தொறந்த அன்னிக்கு எல்லாருக்குங் குடுத்தாங்க."

"மத்தவிக திருப்பிக் குடுத்தாங்களா?"

தனசேகர் எல்காவைப் பார்த்தான், அவள் கையிலிருந்த தூக்கைப் பார்த்தான்.

"நான் மத்தவிகளப் பாக்கல," என்றான் தனசேகர்.

தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவன் இதை எல்காவிடம் விளக்கினான். கை ஆட்டியதுதான் அதிகம். புரிந்ததும் அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தியாவில் ஞாயிறுதோறும் பேக்கரிக்குக் காணிக்கை வைப்பது மத சம்பந்தமான ஏதோ ஒன்று என்று அவள் நினைத்திருந்தாளாம். அதனால் சனிக்கிழமை மாலையெல்லாம் கடையடைத்த பிறகும் உட்கார்ந்து, இவனுக்கு ஈடாக என்ன சுடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். அவள் புருஷன்கூட, யார் இந்தத் தனசேகர் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

"இத்தோட ரெண்டு பேரும் நிறுத்திக்கலாமான்னு கேக்குது," என்றான் தனசேகர். குரலில் அத்தனை நிம்மதி.

அலெக்ஸ் தலையாட்டினான். அக்சிலியா தலையாட்டினாள். போனுக்குள் எல்காவும் ஆட்டினாள். எல்லாம் அந்த இடத்தில் முடிந்திருக்கும். பிரபா மட்டும் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க," என்றாள். "இப்ப டப்பா நம்மகிட்ட நெறஞ்சு வந்திருக்குது. இப்ப நிறுத்துனா, வாங்கித் தின்னுபோட்டு நிறுத்திக்கிட்டோம்னு ஆகாதுங்களா?"

தனசேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இதை அவன் எல்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை மாதேஷ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓனர் வீட்டுக்குக் கிளம்பி வந்தார். பிரபா கதையைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. ஒரு துண்டு கேக் கொடுத்தாள். தின்றுவிட்டு, இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று இன்னொரு துண்டு கேட்டார். மூன்றாவது துண்டில் மச்சானின் ஒழுக்கம் முழுவதுமாக ருசுவாகிவிட்டது. ஓனர் வீட்டுக்குப் பதிலாக நேரே மேஸ்திரி வீட்டுக்குப் போய் கான்கிரீட்டுக்கு நாள் பேசிவிட்டு வந்தார்.

வள்ளியாத்தாளுக்கும் ஒரு தட்டில் வைத்துப் போயிற்று. மில்லில் செய்தி திருத்தி அரைக்கப்பட்டது. தனசேகர் சொக்கத் தங்கம், ஜெர்மன்காரிதான் பிரபாவிடம் பொடி கற்றுக்கொள்ள விமானம் ஏறப்போகிறாள் என்று பால் சொசைட்டியில் பேசிக்கொண்டார்கள்.

டப்பாதான் பாக்கி. அதில் என்ன வைப்பது? கச்சாயம் என்றால் எண்ணெய் கசிந்து அலெக்ஸ் பெட்டி நாறும். பொடி ஏற்கெனவே போனது, கணக்கை முடித்துவைக்கிற பண்டமாக அதை வைக்க முடியாது. கேக்குக்குக் குறைவாக வைத்தால் கௌரவக் குறைச்சல். அதிகமாக வைத்தால் எல்கா பாவம், மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்து யோசிப்பாள். சரிக்குச் சரியாக ஒரு பண்டம் வேண்டும், வாங்கியவள் சிரித்துவிட்டுச் சும்மா இருக்கிற மாதிரி. அப்படி ஒரு பண்டத்தை அந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் செய்ததில்லை. ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு அனுப்பிவிடேன் என்றாள் பண்ணையில் கூட வேலை பார்க்கும் சித்ரா. அதைக் கேட்ட வள்ளியாத்தாள் மார்பில் கை வைத்தாள். ஆப்பிரிக்கா வரைக்கும் போய் ஊர் மானத்தை வாங்க வேண்டுமா என்றாள்.

யோசித்து முடிப்பதற்குள் அலெக்ஸின் லீவு முடிந்தது. இரண்டு தடவை போன் செய்து பார்த்தான். பிரபா இன்றைக்கு நாளைக்கு என்றாள். டப்பா இல்லாமலேயே அவன் விமானம் ஏறிவிட்டான்.

கான்கிரீட் போட்ட பிறகு ஒரு மழை நாளில் தனசேகர் போன் செய்தான். இப்போது மழை பெய்தாலும் வீட்டுக்குள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டாள். வீரபாகுவின் சப்பாத்திதான் என்றான்.

"ஏனுங்க, ரொட்டி வாங்கறதில்லீங்களா?"

"டப்பா திரும்பாம அந்த வீதி வழியாவே போறதில்ல, என் தூக்குங்கூட அங்கயே கெடக்குது. ஸ்பேர் கடைக்கு இப்பப் பின்னால சந்துல சுத்தித்தான் போய்ட்டு வாரேன். வாசன மட்டும் அங்கயும் வருது." பிறகு கேட்டான். "டப்பாவுல என்ன வெக்கறதுன்னு முடிவு பண்ணீட்டயா?"

"பாத்துக்கிட்டே இருக்கறனுங்க," என்றாள் பிரபா.